நிலவேம்பில் நல்ல வித்தைப் பிரித்தெடுப்பது: பினாங்கில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மூலிகைப் பயிரில் விளைச்சலைக் கூட்ட உரம், தண்ணீர், நிழல்வலை என்று எதையெதையோ மாற்றிப் பார்ப்போம். விதையை மட்டும் போன வருடம் கீழே உதிர்ந்ததையே மறுபடி அள்ளிப் போடுவோம். விதையிலும் கை வைக்கலாம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. தொடங்க 18 சதுர மீட்டர் நிலம், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு நோட்டுப்புத்தகம், மூன்று வருடப் பொறுமை போதும்.

பழகுவதற்கு நிலவேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று சொல்லும் அதே செடிதான். விதைத்து நான்கு மாதத்துக்குள் பூத்துவிடும், பாலிபேக்கிலும் வளரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. பக்கத்துச் செடியின் மகரந்தம் கலப்பது குறைவு என்பதால், ஒரு செடியின் விதையைத் தனியாக எடுத்து வைத்தால் அதன் குணம் பெரிய அளவில் சிதறாமல் அடுத்த தலைமுறைக்கு இறங்கும். துளசி அப்படியில்லை. தேனீ ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்குமாய் அலைவதால் விதையில் எது எதனோடு கலந்தது என்று சொல்ல முடியாது. பூனைமீசைச் செடியைக் குச்சி ஒடித்து நடுவதால் அங்கே வேலை இன்னும் எளிது: நல்ல தாய்ச்செடி ஒன்று கிடைத்தால், அதன் குச்சியில் வரும் எல்லாம் அதேதான். கீழே சொல்லும் முறை நிலவேம்பு போன்ற தன் மகரந்தப் பயிர்களுக்கு உரியது.

எந்தக் குணத்தைத் தேடுகிறீர்கள்?

முதலில் இதை எழுதி வைத்துவிடுங்கள். "நல்ல செடி" என்று மனத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் கண் உயரமான செடிக்குத்தான் ஓடும். உயரம் என்பது தண்டு. நிலவேம்பில் மருந்துச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் அதிகம், தண்டில் குறைவு. ஆகவே நமக்கு வேண்டியது மூன்று: காய்ந்த இலையின் எடை, அந்த இலையில் சத்தின் விகிதம், இந்த ஊர் மழையில் வேர் அழுகாமல் நிற்கும் திறன்.

முதல் இரண்டையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். ஒரு செடி 20 கிராம் காய்ந்த இலை தருகிறது, சத்து 2 சதவீதம் என்றால் கிடைப்பது 400 மில்லிகிராம். இன்னொன்று 30 கிராம் தருகிறது, சத்து 1.5 சதவீதம்தான். ஆனாலும் அது 450 மில்லிகிராம். கசப்பை மட்டும் பார்த்தவர் முதல் செடியை எடுத்திருப்பார், இலையை மட்டும் பார்த்தவர் இரண்டாவதை. இலைக்கே விலை என்றால் எடை பெரிது. சாறு எடுக்கும் ஆலைக்கு விற்பதென்றால் பெருக்குத்தொகை பெரிது. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் தேர்வைத் தொடங்க வேண்டாம்.

விதை திரட்டல்

வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்வுக்கு வேலையே இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903இல் அவரையினப் பயிரில் இதைக் காட்டினார். ஒரே விதையிலிருந்து தன் மகரந்தத்தால் வந்த வம்சத்துக்குள் பெரிய விதையைத் தேர்ந்து விதைத்தாலும் சிறியதை விதைத்தாலும், பிள்ளைகளின் சராசரி ஒன்றாகவே இருந்தது. வெவ்வேறு வம்சங்களுக்கு இடையில்தான் தேர்வு பலித்தது.

நிலவேம்பில் இது நேரடியாக நம்மைக் கடிக்கும். அது இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது, மலேசியாவுக்கு வந்த செடி. வந்த விதை கொஞ்சம், அதுவும் தன் மகரந்தத்தால் பெருகியது. மலேசியாவில் திரட்டிய செடிகளில் நடந்த மரபணு ஆய்வுகளும் வேறுபாடு குறைவு என்றே காட்டியிருக்கின்றன. ஆகவே ஒரே நர்சரியில் 200 கன்று வாங்கினால், அத்தனையும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். பாலிக் பூலாவில் ஒரு வீட்டிலிருந்து, நிபோங் திபாலில் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பிலிருந்து, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கோயில் நந்தவனத்திலிருந்து, கெடா, பேராக் பக்கமிருந்து என்று குறைந்தது எட்டுப் பத்து இடங்களில் திரட்டுங்கள். ஒவ்வொன்றையும் தனிப் பொட்டலமாகக் கட்டி, இடம், தேதி, தாய்ச்செடியின் தோற்றம் மூன்றையும் எழுதுங்கள்.

தமிழ்நாட்டு விதை வேண்டும் என்று தோன்றும், அது நல்ல எண்ணம்தான். ஆனால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். விதை இறக்குமதிக்கு மாக்கிஸ் என்னும் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதி வேண்டும். புதிய நோய் ஒன்று விதையோடு வந்தால் உங்கள் தோட்டத்தோடு அது நிற்காது.

முளைக்க வைத்தல்

புதிதாகப் பறித்த நிலவேம்பு விதை முளைக்காது. விதை கெட்டுப்போனது என்று பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். அது விதை உறக்கம். பறித்து ஐந்தாறு மாதம் உலர்வாக வைத்திருந்தால் தானே தெளியும். அவசரமென்றால், கரடான மணலோடு சேர்த்து உள்ளங்கையில் இரண்டு நிமிடம் மெதுவாகத் தேயுங்கள். அல்லது 50 டிகிரி செல்சியஸ் நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். வெப்பமானி இல்லாமல் "கை பொறுக்கும் சூடு" என்று கணக்குப் போட வேண்டாம். 60ஐத் தாண்டினால் விதை வெந்துவிடும்.

தேங்காய்நார்த் தூளும் நுண்மணலும் சரிபாதி கலந்த தட்டில் மேலாகத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மணலைச் சலித்துப் போடுங்கள். விதை கடுகைவிடச் சிறியது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால் மேலே வர அதற்குத் தெம்பு இருக்காது. தண்ணீரைத் தெளிப்பானால்தான் விட வேண்டும். ஒன்று இரண்டு வாரத்தில் முளை வரும். தட்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் எறும்பு ஒரே இரவில் தட்டைக் காலி செய்துவிடும்.

நாற்று அடியில் கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். காரணம் பெரும்பாலும் நெருக்கமும் ஈரமும்தான். முளைகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டுக் களையுங்கள். களையும்போது குட்டையான முளைகளை மட்டும் பிடுங்காமல் கண்ணை மூடிப் பிடுங்குங்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழியை இங்கே ஒதுக்கி வையுங்கள். முதலில் முளைத்த விதை முந்தி வளரும், அவ்வளவுதான். நாற்றில் தெரியும் உயரத்துக்கும் நான்காம் மாத இலை எடைக்கும் நம்பத்தகுந்த தொடர்பு இல்லை.

முதல் வருடம்: 200 செடி, பத்துக் கட்டம்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும், ஜனவரி பிப்ரவரியில் காயும். செப்டம்பர் தொடக்கத்தில் விதைத்து அக்டோபரில் நட்டால், காய் முற்றும் காலம் உலர்ந்த மாதங்களில் அமையும். நடும் மாதங்களில் தண்ணீர் தேங்காமல் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு, மணல் ஒன்று என்ற வழக்கமான நர்சரிக் கலவை இதற்கும் பொருந்தும்.

பாத்தி 1.2 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். 30 சென்டிமீட்டருக்கு ஒரு செடி வீதம் குறுக்கே நான்கு, நெடுக்கே ஐம்பது. ஆக 200. ஓரச் செடிகளுக்கு வெளிச்சம் அதிகம் கிடைத்து ஏமாற்றாமலிருக்க, சுற்றிலும் ஒரு வரிசை கூடுதலாக நட்டு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெவ்வேறு இடத்து விதைகளைக் கலந்து பரப்பி நடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் எண் போட்ட அட்டை வேண்டும். மார்க்கர் பேனா மை இரண்டு மாத வெயிலில் போய்விடும். பென்சிலில் எழுதினால் நிற்கும்.

இப்போது பாத்தியை 1.5 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் கட்டமாக நூல் கட்டிப் பிரித்துவிடுங்கள். கட்டத்துக்கு 20 செடி. ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்த ஒன்றை மட்டும் எடுக்கப் போகிறோம். இந்த வழியை 1961இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கார்ட்னர் என்ற ஆய்வாளர் மக்காச்சோளத்தில் கையாண்டார். காரணம் எளிது. பாத்தியின் ஒரு முனையில் எரு கூடுதலாக விழுந்திருக்கும், இன்னொரு முனையில் ரம்புத்தான் மர நிழல். மொத்தப் பாத்தியிலும் சிறந்த பத்தை எடுத்தால் எட்டு எருவிழுந்த முனையிலிருந்தே வரும். நீங்கள் தேர்ந்தெடுத்தது எருவை. கட்டத்துக்குள் ஒப்பிட்டால், ஒரே மண்ணில் ஒரே வெளிச்சத்தில் நின்றவை மட்டும் போட்டி போடும்.

முதல் பூ விரிந்த தேதியை ஒவ்வொரு செடிக்கும் குறியுங்கள். சீக்கிரம் பூக்கும் செடி சீக்கிரம் இலை விடுவதை நிறுத்தும். பூக்கத் தொடங்கியதும் 200 செடிக்கும் தண்டிலிருந்து நேராகப் பிரியும் கிளைகளை எண்ணுங்கள். கிளை மிகுந்தவற்றில் கட்டத்துக்கு நான்கு வீதம் 40 செடியைப் பொறுக்கி, அவற்றில் மட்டும் ஒரு பக்கத்துக் கிளைகள் அத்தனையையும் வெட்டுங்கள். மறுபக்கத்தை விதைக்கு விடுங்கள். இலையை அறுத்தால் விதை போகும், விதைக்கு விட்டால் இலை எடை தெரியாது என்ற சங்கடத்துக்கு இதுதான் வழி.

வெட்டியதை அன்றே தண்டு வேறு இலை வேறாக உருவுங்கள். இந்த ஈரக்காற்றில் நிழலில் உலர்த்தினால் மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கும், எடையும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். 45 டிகிரியில் உலர்த்தும் பெட்டியில் வையுங்கள். இலை கையில் பொடிந்ததும் எடை போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை போடுங்கள். இரண்டு எடையும் ஒன்றானால்தான் உலர்ந்தது என்று பொருள். இலை எடையைத் தண்டு எடையால் வகுத்து அதையும் எழுதுங்கள். வேர் அழுகிய செடி எவ்வளவு இலை விட்டிருந்தாலும் தள்ளுபடி. மீதியில் இலை எடை கூடியதுதான் அந்தக் கட்டத்தின் சிறந்த செடி.

விதை பிடித்தல்

நிலவேம்புக் காய் முற்றிக் காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து விதையைத் தூர எறியும். காய்க்குள் விதைகளைத் தாங்கும் சிறு கொக்கிகள் தெறிவில்போல அவற்றை வீசுகின்றன. காலை பத்து மணி வெயிலில் செடியருகே நின்றால் மெல்லிய சடசடப்புக் கேட்கும். அப்படிக் கேட்கிறதென்றால் விதை போய்க்கொண்டிருக்கிறது. போனது மட்டுமில்லை, பக்கத்துச் செடியின் அடியில் விழுந்து அடுத்த பருவத்தில் கலவனாய் முளைக்கும்.

தேர்ந்த பத்துச் செடிக்கும் காய் பச்சையாக இருக்கும்போதே பை கட்டிவிடுங்கள். காகிதப் பை ஒரு மழைக்குத் தாங்காது. நெகிழிப் பைக்குள் வியர்த்துக் காய் பூசணம் பிடிக்கும். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் வலைத்துணிச் சுருக்குப் பை இருக்கிறதே, அதுதான் சரி. காற்று போகும், விதை தங்கும், இழுத்துக் கட்ட நாடாவும் உண்டு. லிட்டில் இந்தியாக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். காய் பச்சை மாறிப் பழுப்பேறியதும், பனி உலர்வதற்கு முன் விடிகாலையில் கிளையோடு அறுத்து, பையோடு தட்டில் வைத்து உலர்த்துங்கள். வெடிப்பதெல்லாம் பைக்குள் நடக்கட்டும்.

ஒரு செடி விதை, ஒரு உறை. சேர்க்கவே கூடாது. மீதி 190 செடியிலிருந்து செடிக்கு இரண்டு காய் வீதம் பறித்து, அவற்றை மட்டும் ஒன்றாகக் கலந்து "பொது விதை" என்று எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அது இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது.

இரண்டாம் வருடம்: பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தல்

தேர்வு உண்மையில் நடப்பது இந்த வருடத்தில்தான். போன வருடம் நாம் பார்த்தது செடியை, அது நின்ற இடத்தோடு சேர்த்து. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்கிறோம். தாயிடம் கண்டது வித்தின் குணமா மண்ணின் தயவா என்பதைப் பிள்ளைகளை வேறு வேறு இடத்தில் நட்டால்தான் அறியலாம்.

தேர்ந்த பத்துச் செடியின் பிள்ளைகள் பத்து வம்சம், அவற்றோடு பொது விதை, ஆகப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் 12 செடி கொண்ட வரிசை. இதையே பாத்தியின் மூன்று பகுதிகளில் மூன்று முறை நட வேண்டும். மொத்தம் 396 செடி, 36 சதுர மீட்டர். இடமில்லாதவர்கள் ஆறு வம்சத்தோடு, வரிசைக்கு எட்டுச் செடியாகச் சுருக்கிக்கொள்ளலாம். அப்போது 168 செடிதான். ஆனால் மூன்று முறை என்பதைக் குறைக்காதீர்கள். எந்த வம்சம் எந்த வரிசையில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக. பிடித்த வம்சத்தை நல்ல மண்ணில் நடக் கை தானாகப் போகும். சீட்டு அதைத் தடுக்கும்.

பாதிச் செடி பூத்ததும், வரிசைக்கு ஒன்பது செடியை அடியில் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி இலையை உலர்த்தி நிறுங்கள். மூன்றை விதைக்கு விடுங்கள். எல்லா வரிசையையும் அதே வாரத்தில் வெட்டுங்கள். காய் பிடித்த பின் இலையில் சத்து இறங்கத் தொடங்கும் என்பதால், ஒன்றை இன்றும் ஒன்றை இருபது நாள் கழித்தும் வெட்டினால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

கணக்கு இப்படி. போன வருடம் 200 செடியின் கிளைச் சராசரி 18, தேர்ந்த பத்தின் சராசரி 26 என்று வையுங்கள். வித்தியாசம் 8. இந்த வருடம் பொது விதை வரிசைகளின் சராசரி 18, தேர்ந்த வம்சங்களின் சராசரி 20. கிடைத்த முன்னேற்றம் 2. இரண்டை எட்டால் வகுத்தால் 0.25. கண்ணுக்குத் தெரிந்த மேன்மையில் கால்பங்குதான் வித்திலிருந்து வந்தது, முக்கால்பங்கு மண்ணும் வெளிச்சமும் தந்தது. இதை மரபுத் திறன் என்பார்கள். குறைவாக வந்தால் மனம் உடைய வேண்டாம். அந்தக் குணத்தில் தனிச்செடியை நம்பாமல், அதிக வரிசைகளை நட்டு நிறுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் திரட்டிய விதையில் வேறுபாடே இல்லை. மறுபடி விதை தேடிப் புறப்பட வேண்டியதுதான்.

ஒரு வம்சம் மூன்று பகுதியிலும் பொது விதையை முந்த வேண்டும். ஒரு பகுதியில் இரட்டிப்பாய் வந்து மற்ற இரண்டில் பின்தங்கியதைச் சராசரி போட்டு முதலிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கசப்பைச் சோதித்தல்

சத்து விகிதத்தை உறுதியாகச் சொல்வது, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. என்ற ஆய்வுக்கூடச் சோதனைதான். அதற்குச் செலவாகும் என்பதால் கடைசி இரண்டு மூன்று வம்சத்துக்கு மட்டும் செய்யுங்கள். மூன்று பகுதியின் இலைப்பொடியையும் கலந்து 50 கிராம் அனுப்பி, உலர் எடைக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

அதுவரை நாக்கு உதவும். ஒரு கிராம் இலைப்பொடியை 100 மில்லி கொதிநீரில் 15 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். அதில் 10 மில்லியோடு 90 மில்லி நீர் சேர்த்தால் பத்தில் ஒன்று. அதைச் சரிபாதி நீர் கலந்து கலந்து இருபதில், நாற்பதில், எண்பதில், 160இல், 320இல் ஒன்று என்று கோப்பைகள் வரிசையாக. கோப்பையில் எண் மட்டும் இருக்கட்டும், எந்த வம்சம் என்று சுவைப்பவருக்குத் தெரியக் கூடாது. மிக நீர்த்ததிலிருந்து தொடங்கி, கசப்பு எங்கே முதலில் தட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள். தடித்ததிலிருந்து தொடங்கினால் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு வெறும் நீரும் கசக்கும். வாயில் வைத்துத் துப்பினால் போதும், விழுங்க வேண்டாம். கர்ப்பிணிகள் இதில் சேரக் கூடாது. கசப்பு ஒரே பொருளால் மட்டும் வருவதில்லை. ஆகவே இது வம்சங்களை முன்பின் அடுக்க உதவுமே தவிர சதவீதம் சொல்லாது.

இரண்டு வம்சத்தைச் சேர்க்க விரும்பினால்

ஒன்றில் இலை நிறைய, இன்னொன்றில் கசப்பு நிறைய என்று வந்தால் கலப்புச் செய்யலாம். பூ ஒரு சென்டிமீட்டர்தான், மகரந்தத் தாள்கள் இரண்டே. நாளை விரியப் போகும் மொட்டை இன்று மாலை கூர்முனை இடுக்கியால் பக்கவாட்டில் கீறி, இரண்டு மகரந்தப் பைகளையும் வெடிக்குமுன் எடுத்துவிடுங்கள். சூல்தண்டு நூலைவிட மெல்லியது. அதை இடுக்கி தொட்டால் மொட்டு அடுத்த நாள் உதிர்ந்துவிடும். பை கட்டி, மறுநாள் காலை மற்றச் செடியில் அப்போதுதான் விரிந்த பூவின் மகரந்தத்தைச் சூல்தண்டின் நுனியான சூல்முடியில் தடவி மறுபடி பை கட்டுங்கள். தொடக்கத்தில் பத்து மொட்டில் ஒன்று காய்த்தாலே சந்தோஷப்படலாம்.

முதல் தலைமுறை ஒரே மாதிரி இருக்கும், அதில் தேர்வு செய்ய எதுவுமில்லை. இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரியும். அங்கே 200 செடியாவது வேண்டும். அதன் பிறகு தன் மகரந்தத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதி பாதியாகக் குறையும்: இரண்டாவதில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, ஆறாவதில் 3 சொச்சம். ஆறாம் தலைமுறைக்கு முன் "என் ரகம்" என்று யாருக்கும் விதை கொடுக்காதீர்கள். வாங்கியவர் தோட்டத்தில் அது இன்னும் பிரிந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் வருடமும் விதைக் காப்பும்

வென்ற இரண்டு மூன்று வம்சத்தையும் பொது விதையையும் இன்னொரு இடத்தில், முடிந்தால் தீவில் ஒன்றும் செபராங் பிறையில் ஒன்றுமாக, முன்போலவே மூன்று பகுதியாக நட்டுப் பாருங்கள். பாலிக் பூலா மண்ணில் வென்றது பெருநிலத்தில் தோற்கலாம். அப்படி நடந்தால் இரண்டு இடத்துக்கும் இரண்டு வம்சம் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

விற்கப் போகிறவர்கள் இரண்டு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுப் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரகத்தைப் பதியலாம். விவசாயி உருவாக்கிய ரகத்துக்கு அதில் தனி இடமுண்டு: புதியதாக, வேறுபட்டதாக, அடையாளம் காணத்தக்கதாக இருந்தால் போதும். இலையைப் பொடியாக்கி மாத்திரையில் அடைத்து மருந்தென்று விற்பது வேறு கதை. அதற்கு 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவு வேண்டும்.

விதையை நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கண்ணாடிக் குப்பியில் இறுக மூடிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். குப்பியை எடுத்த உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் விதைமேல் படியும். அரைநாள் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். ஒவ்வொரு வம்சத்திலும் பாதி விதையை விதைக்காமல் கையிருப்பாக வைத்திருங்கள், ஒரு வெள்ளம் வந்தால் மூன்று வருட வேலை அதில்தான் மிஞ்சும். வருடத்துக்கொரு முறை 20 செடி நட்டு, பூக்குமுன் மாறுபட்ட கலவனைப் பிடுங்கிவிட்டு, மீதியில் பை கட்டி விதையைப் புதுப்பியுங்கள். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டு ஈரத்தில் கழன்றுவிடும். வம்ச எண்ணையும் வருடத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளேயும் ஒன்று போட்டு வையுங்கள்.